மாசியில் வெட்டிய மேட்டுப்புல், ஆவணிவரை தீவனம்

இந்த வருடம் ஆவணி பிறந்தபோதும் எங்கள் பட்டியடியில் உலர்புல் கட்டுகள் மிச்சம் இருந்தன. பசுக்களுக்குப் பால் வற்றவில்லை. தம்பலகாமத்தில் எங்கள் மேட்டுக்காணியில் தானாக முளைத்த புல்தான் அது. எப்போது வெட்டினீர்கள், எப்படி உலர்த்தினீர்கள், எவ்வளவு முடிந்தது என்று பலர் கேட்கிறார்கள். அதனால் முழுவதையும் எழுதிவைக்கிறேன்.

திருகோணமலைப் பக்கத்தில் மாடு வளர்ப்பவர்களுக்கு வருடத்தின் கணக்குத் தெரியும். ஐப்பசியில் மழை பிடித்துப் பெரும்போகம் விதைத்தால் மாடுகள் வயல்வெளியை விட்டு வெளியே போகவேண்டும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் அடிக்கட்டை மேய வயலுக்கு வரும். நீர்ப்பாசனம் உள்ள இடங்களில் சிறுபோகம் தொடங்கினால் திரும்பவும் வெளியே. வைகாசியிலிருந்து கச்சான் காற்று அடித்து நிலத்தில் இருக்கிற ஈரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடும். ஆடியில் மேய்ச்சல்தரையில் நிற்பது புல் மாதிரித் தெரியும், ஆனால் அது வெறும் தாள். மாட்டின் வயிறு நிரம்பும், விலா எலும்பு தெரியும்.

அந்தக் காலத்துக்கு எங்களிடம் இருந்தது வைக்கோல் மட்டும். கோ-3 நட்டுப் பார்த்தோம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய அந்தக் கலப்புப் புல் தண்ணீர் விட்டால் ஆள் உயரத்துக்கு வரும். ஆனால் எங்கள் கிணறு ஆனியிலேயே அடி தெரியத் தொடங்கிவிடும். மனிதருக்கும் மாட்டுக்கும் குடிக்க எடுத்தபிறகு புல்லுக்கு விட ஒன்றும் மிஞ்சாது. மழையோடு வந்து மழையோடு முற்றுகிற நம்முடைய புல்லையே, நல்லாக இருக்கும்போது பிடித்துவைக்க முடியுமா என்று யோசித்தது அதனால்தான்.

காணியில் ஒரு ஏக்கரை ஐப்பசியிலேயே கதியால் போட்டு அடைத்தோம். மழைக்காலம் முழுவதும் ஒரு மாடும் உள்ளே போகவில்லை. தை மாதம் உள்ளே இறங்கி என்னென்ன நிற்கிறது என்று பார்த்தேன். மேட்டில் அறுகு. தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் கோழிச்சூடன், அதோடு கோரை. வேலியோரம் கினிப்புல். அது ஆபிரிக்காவிலிருந்து வந்தது என்றாலும் இப்போது கேட்காமலே எல்லா இடமும் நிற்கிறது. கிழக்கு மூலையில் கொஞ்சம் இலுக்கு. அதைக் கூரை வேயத்தான் எடுக்கலாம், இளந்தளிரைத் தவிர மாடு வாய்வைக்காது. புல்லுக்கு அடியில் தரையோடு படர்ந்து, மூன்று மூன்று இலையாகச் சின்னச் செடி ஒன்று நிறைய இருந்தது. அவரைக் குடும்பம். காற்றிலிருக்கிற நைதரசனை வேரில் பிடித்துக்கொள்கிற வகை என்பதால் இலையில் புரதம் கூட. மேய்ச்சலுக்குத் திறந்துவிட்ட பக்கத்தில் அந்தச் செடி கண்ணுக்கே படவில்லை. அடைத்த பக்கத்தில் கால்வைக்கிற இடமெல்லாம் இருந்தது. இது நான் எதிர்பார்க்காத இலாபம்.

எவ்வளவு புல் கிடைக்கும் என்று தெரியாமல் ஆள் பிடிக்க விருப்பமில்லை. அரை அங்குல பீவீசீ குழாயில் உள்ளளவு 50 சென்ரிமீற்றருக்கு 50 சென்ரிமீற்றர் வருகிறமாதிரி ஒரு சட்டம் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு காணியின் பல இடங்களில் எறிந்து, விழுந்த இடத்தில் சட்டத்துக்குள் இருந்ததை மட்டும் நாலு விரல் உயரம் விட்டு அறுத்தேன். கண்ணைத் திறந்து எறிந்தால் கை தானாகப் பச்சை கூடின இடத்துக்குப் போகும். அறுத்ததைச் சமையல் தராசில் நிறுத்தேன், பிறகு தகரத்தில் பரப்பி எடை குறையாமல் நிற்கும்வரை வெயிலில் வைத்து மறுபடி நிறுத்தேன்.

சராசரியில் பச்சையாக 250 கிராம், காய்ந்தபிறகு 62 கிராம். அதாவது கால்வாசிதான் தீவனம், மிச்சம் தண்ணீர். சட்டத்தின் பரப்பு கால் சதுர மீற்றர் என்பதால், காய்ந்த கிராமை 40-ஆல் பெருக்கினால் ஹெக்டேயருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 62-ஐ 40-ஆல் பெருக்க 2,480 கிலோ. ஏக்கருக்கு ஏறத்தாழ 1,000 கிலோ.

தேவை எவ்வளவு? எங்கள் நாட்டுப் பசுக்கள் ஒவ்வொன்றும் 200 கிலோ மட்டில் இருக்கும். உடல் எடையில் நூற்றுக்கு 2.5 பங்கு உலர்ந்த தீவனம் தின்னும் என்று வைத்தால் நாளுக்கு 5 கிலோ. நாலு பசுவுக்கு 20 கிலோ. பாதியை அவை வெளியே மேய்ந்து எடுத்துவிடும். மிச்சம் 10 கிலோவை நான் கொடுத்தால் 90 நாளுக்கு 900 கிலோ. ஒரு ஏக்கர் போதும் போலத்தான் இருந்தது.

எப்போது வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போன வருடம் இதே காணியில் சித்திரைப் புத்தாண்டு கழிந்து வெட்டினோம். மழைப் பயம் இல்லை, வெயில் நல்லது, பாரமும் கூட வரும் என்பது கணக்கு. பாரம் கூடத்தான் வந்தது. ஆனால் புல் பூத்து, விதை கொட்டி, தண்டு நரம்பாகிவிட்டது. தொட்டியில் போட்டால் பசுக்கள் இலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டைத் தள்ளிவைத்தன. காலையில் தொட்டியைக் கூட்டி நிறுத்தால் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே கிடந்தது.

கிண்ணியாவில் எருமைப் பட்டி வைத்திருக்கிற நானா ஒருவர், தயிருக்குப் பால் கொடுக்கிறவர், அந்த நேரம் வந்து பார்த்தார். வெள்ளம் வடிந்த மகாவலி வில்லுகளில், அதாவது ஆற்றோரத்துத் தாழ்ந்த நீர்நிலங்களில், பட்டியை வைத்து மேய்த்துப் பழகின மனிதர். அங்கே தண்ணீர் இறங்க இறங்கப் புதுப்புல் வரும், கோடையிலும் எருமை கொழுத்து நிற்கும். அவர் தொட்டியைப் பார்க்கவில்லை, நேரே சாணி கிடந்த இடத்துக்குப் போனார். 

“புல்லைப் பார்த்து ஒன்றும் விளங்காது பிள்ளை. சாணியைப் பாருங்க” என்றார்.

பார்த்தேன். அடுக்கடுக்காக, வளையம் வளையமாக உயர்ந்து, ஓரம் வெடித்துக் கிடந்தது. குச்சியால் கிண்டினால் உள்ளே முழு நார், விரல் நீளத் துண்டுகள்கூட. தை மாதம் பச்சை மேய்ந்தபோது இதே பசுக்களின் சாணி தட்டையாக விழுந்து, நடுவில் சின்னக் குழியோடு பரவிக் கிடக்கும். நார் நுணுக்கமாக அரைபட்டிருக்கும். நானா சொன்னது இவ்வளவுதான்: சாணி அடுக்கு ஏறினால் தீவனத்தில் சத்து இல்லை.

அதற்குப் பின்னால் இருக்கிற காரணம் சுருக்கமாக. மாட்டின் முதல் வயிற்றில் நாரை உடைப்பது நுண்ணுயிர்கள். அவை பெருகுவதற்கு நைதரசன் வேண்டும். 100 கிராம் உலர்ந்த தீவனத்தில் புரதம் 7 கிராமுக்குக் கீழே போனால் அவற்றுக்குப் போதாது. நார் மெதுவாக உடைகிறது, வயிறு காலியாவதில்லை, மாடு தின்பதும் குறைகிறது. முன்னால் தீவனம் கிடக்கும்போதே மாடு மெலிவது இப்படித்தான்.

முற்றிய புல், கதிர் எட்டிப்பார்க்கிற புல், வைக்கோல் மூன்றிலும் ஒவ்வொரு பொதி ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். நைதரசனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று தருவார்கள். கதிர் எட்டிப்பார்க்கிற புல் நூற்றுக்கு 9-ஐ ஒட்டி வந்தது. அதே காணியில் விதை கொட்டிய புல் 5-க்கும் கீழே. வைக்கோல் 4. நல்ல புல், கெட்ட புல் என்று ஊரில் பிரித்துப் பேசுகிறோம். ஒரே புல்லே சில கிழமைக்குள் நல்லதிலிருந்து வைக்கோலுக்குக் கிட்டே இறங்கிவிடுகிறது என்பதை அந்தத் தாளைப் பார்த்தபிறகுதான் முழுதாக நம்பினேன்.

அதனால் இந்த வருடம் மாசி பிறந்த உடனே வெட்டினோம். அடையாளம் இதுதான்: பத்துத் தண்டைப் பிடுங்கினால் இரண்டு மூன்றில் மட்டும் கதிர் இலையுறைக்கு வெளியே தெரியவேண்டும். அதற்கு மேல் பொறுக்கக்கூடாது. துணியில் குத்தி ஏறுகிற விதையுள்ள புல் நின்ற ஒரு துண்டு நிலத்தை அதற்கும் ஒரு கிழமை முந்தியே வெட்டிவிட்டோம். அதன் ஊசி முற்றினால் மாட்டின் ஈறையும் நாக்கையும் புண்ணாக்கிவிடும்.

தோளில் மாட்டுகிற புல்வெட்டும் மெஷின் வாடகைக்கு எடுத்தோம். நைலோன் நூல் போட்டு வெட்டினால் புல் நொறுங்கிச் சிதறுகிறது, வாரி எடுக்க முடியாது. மூன்று பல் இரும்புத் தகடு மாட்டினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. பனிநீர் காய்ந்தபிறகு, காலை 9 மணிக்குத் தொடங்கினால் போதும்.

உலர்த்துவதுதான் மாசியில் சிக்கல். வாடை முழுதாகப் போயிருக்காது. முதல் துண்டை வெட்டிப் பரப்பின இரவே மழை வந்து நனைத்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அது காய்ந்தாலும் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிவிட்டது. மழை, கரையக்கூடிய சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். அதைக் கன்றுகளுக்குக் கீழே படுக்கையாகப் போட்டோம். பிறகு ஒரே அடியாக வெட்டுவதை விட்டு, ஒரு நாளைக்குக் கால் ஏக்கர் மட்டும் வெட்டினோம். மாலையில் பாதி காய்ந்து இருப்பதை வாரி, மூன்று கம்பை உச்சியில் கட்டி நிறுத்தி அதன்மேல் கூம்பாகப் போட்டுப் படங்கால் (தார்ப்பாயால்) மூடினோம். காலையில் திரும்பப் பரப்பினோம். புரட்டுவதைக் காலையிலேயே முடித்துவிடவேண்டும். மத்தியானம் புரட்டினால் அந்த மூவிலைச் செடியின் இலை எல்லாம் உதிர்ந்து தரையோடு போய்விடும். சத்து கூடின பகுதியே அதுதான். இலை கையில் இருக்கவேண்டும், தண்டு மட்டும் கட்டி என்ன பயன்?

காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி பயன்பட்டது. ஒன்று, தண்டின் கணுவை நகத்தால் சுரண்டுவது. இலை மொறுமொறு என்று ஆனபிறகும் கணுவில் ஈரம் நிற்கும். சுரண்டும்போது தோல் நூலாக உரிந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். உரியாமல் தூளாக உதிர்ந்தால் சரி. மற்றது உப்பு. தூள் உப்பைச் சட்டியில் வறுத்து ஆறவைத்து, ஒரு கைப்பிடி புல்லைத் துண்டு துண்டாக வெட்டி ஜாம் போத்தலில் போட்டு, இரண்டு தேக்கரண்டி உப்பைச் சேர்த்து மூடிக் கொஞ்சநேரம் நன்றாகக் குலுக்கவேண்டும். ஈரம் நூற்றுக்கு 15-க்கு மேலே இருந்தால் உப்பு கட்டிபட்டுப் புல்லில் ஒட்டும். கீழே இருந்தால் உப்பு உதிரியாகவே அடியில் விழும். நான் முதலில் குலுக்கியபோது இலையில் ஒரு மணி உப்பும் இல்லை, ஆனால் ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் வெள்ளை வளையமாகப் பிடித்திருந்தது. நகம் சொன்னதையே உப்பும் சொன்னது.

கட்டுவதற்கு ஒரு மரப்பெட்டி. உள்ளளவு நீளம் 85, அகலம் 55, உயரம் 45 சென்ரிமீற்றர், மேலும் கீழும் திறப்பு. பழைய கதவுப் பலகையில் ஊர்த் தச்சர் அடித்துத் தந்தார். நைலோன் கயிறு இரண்டைக் குறுக்கே போட்டு, பெட்டியை அதன்மேல் வைத்து, புல்லைப் போட்டுப் போட்டு மிதித்து, கயிற்றை இறுக்கி முடிந்து, பெட்டியை மேலே தூக்கிவிட்டால் கட்டு தனியே நிற்கும். நன்றாக மிதித்தால் இந்த அளவுப் பெட்டியில் 20 கிலோ ஏற்றலாம். எங்களுக்கு 14 கிலோதான் வந்தது, அதற்கு மேல் தூக்க எனக்கும் கஷ்டம். மொத்தம் 57 கட்டு, ஏறத்தாழ 800 கிலோ. கணக்குப் போட்ட 1,000-இல் மழையும் உதிர்ந்த இலையும் மிச்சத்தை எடுத்துக்கொண்டன.

பனங்குற்றி போட்டு, நிலத்திலிருந்து ஒரு முழம் உயர்த்தி, கட்டுக்குக் கட்டு கைபோகிற இடைவெளி விட்டு அடுக்கினோம். மேலே கிடுகுக் கூரை. கறையான் ஏறாமல் கால்களுக்குக் கழிவு எண்ணெய் பூசினோம். அடுக்கின முதல் இரண்டு கிழமையும் ஒரு கட்டிடக் கம்பியைக் கட்டுகளுக்குள் குத்தி, கால் மணித்தியாலம் விட்டு இழுத்துத் தொட்டுப் பார்க்கவேண்டும். ஈரமாகக் கட்டிய புல் உள்ளுக்குள் சூடேறி, சிலவேளை தானாகவே தீப்பிடிக்கும். ஒரு கட்டில் கம்பி வெதுவெதுப்பாக வந்தது. பள்ளத்துக் கோழிச்சூடன் கூடுதலாக இருந்த கட்டு. அதன் தண்டு தடிப்பு, காயச் சுணங்கும். அவிழ்த்துப் பரப்பித் திரும்பக் கட்டியதும் சரியாகிவிட்டது.

செலவு: ஆள் கூலி இரண்டு பேருக்கு மூன்று நாள், 2,500 ரூபாய்ப்படி 15,000. மெஷின் வாடகையும் பெற்றோலும் 4,500. கயிறு 1,800. இந்த 21,300-ஐ 800 கிலோவால் பிரித்தால் கிலோ 27 ரூபாயை ஒட்டி வருகிறது. பெட்டி 6,500, கொட்டில் 5,000. இவை பல வருடம் வரும் என்பதால் தனியே வைத்திருக்கிறேன். மெஷினில் கட்டிய வைக்கோல் கட்டு இங்கே 14 கிலோ 350 ரூபாய்க்கு வாங்கினோம், கிலோ 25. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். புரதமோ இரண்டு மடங்குக்கு மேல்.

ஆடி தொடங்கியதும் கொடுக்கத் தொடங்கினோம். காலை பால் கறக்கும்போது ஒரு பங்கு, மாலை பட்டிக்கு வந்ததும் ஒரு பங்கு. தொட்டியில் மிஞ்சியது மூன்றில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. காய்ந்த தீவனம் தின்கிற பசு தண்ணீர் கூடக் குடிக்கும். 30 லீற்றருக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ஊற்றவேண்டியிருந்தது. அதைக் குறைத்தால் தின்பதும் குறையும். போன வருடம் ஆடி நடுவில் பால் நின்றுபோன பசுக்கள் இந்த வருடம் ஆவணியிலும் ஒவ்வொன்றும் ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் மேலே தந்தன. சாணி வளையம் ஏறவில்லை. சாணியைப் பார்ப்பது இப்போது பழகிவிட்டது, காலையில் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

எல்லாம் உலர்புல்லால் வந்தது என்று சொல்லமாட்டேன். வேலியில் நிற்கிற கிளிசரியா இலையையும் நாளுக்கு ஒரு பசுவுக்கு ஒரு கிலோ அளவில் கொடுத்தோம். வெட்டினதும் போட்டால் வாசத்துக்கு முகத்தைத் திருப்பும். ஒரு பகல் வாடவிட்டுப் போட்டால் தின்னும்.

வைக்கோல் மட்டும்தான் கிடைக்கும் என்கிறவர்கள் யூரியா ஊட்டிக் கொடுக்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் போகாமல் பொலித்தீனால் மூடி மூன்று கிழமை வைக்கவேண்டும். கொடுக்குமுன் திறந்து காற்றாட விட்டு, நெடி போனபிறகுதான் போடவேண்டும். கன்றுகளுக்கு வேண்டாம். யூரியாவையோ கரைத்த தண்ணீரையோ மாடு நேரே நக்கினால் செத்துப்போகும், வாளியைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவைக்கவேண்டும்.

வருகிற மாசிக்கு மாற்றப்போகிறவை சில. ஏக்கரை நாலு துண்டாகப் பிரித்து, கோழிச்சூடன் பள்ளத்தைக் கடைசியில் வெட்டி, தனியே காயவைத்து, தனியே கட்டுவோம். தெற்குப் பக்கத்தில் ஒரு நீளத் துண்டை வெட்டாமல் விதை கொட்ட விடுவோம். வருடாவருடம் கதிர் வருமுன் வழித்துக்கொண்டே போனால் அறுகு பொறுக்கும், விதையால் வருகிற புல் பொறுக்காது. வெட்டும் உயரத்தையும் நாலு விரலுக்குக் கீழே இறக்கமாட்டோம். வெட்டி முடிந்தபிறகு வந்த சின்ன மழைக்கு அந்த அடிக்கட்டையிலிருந்துதான் துளிர் வந்தது. படங்கு இன்னும் ஒன்று வாங்கவேண்டும். பெட்டியின் ஒரு பக்கப் பலகை மிதித்து மிதித்து வெடித்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் தச்சரிடம் கொடுத்து, மூலைகளுக்கு இரும்புத் தகடு அடித்து எடுக்கவேண்டும்.